இடது பக்கம் மூன்று சடை

நவம்பர் 14

நாத்தனாருக்கு,

‘அன்புள்ள வாலு’ என்றுதான் ஆரம்பித்தேன், பிறகு அடித்துவிட்டேன். இன்றைக்கு அந்தச் செல்லப்பெயர் கையில் வரமாட்டேன் என்கிறது.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ பாதியில் சிரித்து மழுப்புவாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன். அதுவும் போக, நான் போனை எடுத்தாலே உன் அண்ணனுக்கு நாலு காது முளைத்துவிடும். அதனால்தான் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரைபலகை மேல் வைத்து எழுதுவதால் பக்கத்து மேசை இன்ஜினியர் நான் யார் வீட்டுக்கோ மாடிப்படி வரைகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை உன் ஊரில் என் கம்பளி ஜாக்கெட் என்னைக் கடந்து போனது. என்னுடையது, சாம்பல் நிறம், என் மேல்தான் இருந்தது. கடந்து போனது கரும்பச்சை. நிறத்தை விட்டால் மற்றதெல்லாம் அச்சு அசல். இடது பக்கம் தலைமுடியைப் பின்னிப் போட்ட மாதிரி மூன்று தடித்த சடை, வலது பக்கம் கயிறு மாதிரி ஒரே ஒரு மெல்லிய சடை, கழுத்துப் பட்டை, மரப் பொத்தான்கூட. யாரிடம் செய்தது என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். கம்பளி நூல் கடையில் சனிக்கிழமை பின்னல் வகுப்பு நடக்கிறது, டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்றாள்.

கடையைத் தேடிப் போனேன். கண்ணாடிக்குள் ஒரு பொம்மை. பொம்மை மேல் என் ஜாக்கெட். பொம்மையின் காலடியில் ஒரு அட்டை: ‘எங்கள் ஆசிரியையின் சொந்த வடிவமைப்பு’. கீழே உன் பெயர், கொட்டை எழுத்தில். உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் அங்கே நின்ற சரக்கு வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எடுத்தது நீ, ஒளிந்தது நான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

நான் பின்னாதது இல்லை. உன் அண்ணனுக்கு மப்ளர், உன் பையனுக்குக் குல்லாய், யார் யாருக்கோ காலுறை. எனக்கென்று செய்தது அது ஒன்றுதான். என் உடம்பை நானே அளந்து, கட்டம் போட்ட தாளில் வரைந்து, பின்னிப் பிரித்து, பின்னிப் பிரித்து, இரண்டு குளிர்காலம் ஆனது.

அந்த ஜாக்கெட்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடு. அது உன்னுடையது இல்லை என்று உன் வகுப்பில் சொல். இனி யாருக்கும் அதைக் கற்றுக்கொடுக்காதே. ஏன் இவ்வளவு என்று கேட்காதே.

அண்ணி

*

நவம்பர் 22

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நீங்கள் நாத்தனார் என்று ஆரம்பித்தால் நானும் மரியாதையோடு ஆரம்பிக்கலாம் அல்லவா.

முதலில் எனக்கு ஒரு பதில் வேண்டும். செவ்வாய்க்கிழமை எங்கள் ஊருக்கு வந்தீர்கள். கடைத்தெரு வரை வந்தீர்கள். அங்கிருந்து என் வீடு கூப்பிடு தூரம். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க ஏறவில்லை. அண்ணனிடம் போனில் கேட்டேன். ஆபீஸ் வேலை என்று மென்று முழுங்கினார். கண்ணாடிப் பொம்மையைப் பார்க்க நேரம் இருந்தது, என்னைப் பார்க்க நேரம் இல்லை.

சரி, ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் கால் ஒடிந்து கிடந்தபோது உதவிக்கு வந்தேனே, அப்போதுதான். உங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் அது தொங்கியது. நீங்கள் ஆபீஸ் போனதும் கட்டிலில் விரித்து, கண்ணி கண்ணியாக எண்ணி எழுதிக்கொண்டேன். கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா? உங்களை யாராவது தொடத்தான் முடியுமா? ரயிலடியில் கட்டிப்பிடிக்க வந்தால் கைப்பையைக் குறுக்கே வைத்துத் தோளைத் திருப்பிக்கொள்கிறீர்கள். ஒரே வீட்டில் மூன்று வாரம் இருந்தேன், உங்கள் அறைத் தாழ்ப்பாள் சத்தத்தைத்தான் அதிகம் கேட்டேன். ‘என் உடம்பை அளந்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உடம்பு என்ன, ஊரில் இல்லாத உசத்தியா?

இன்னொன்று. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். உங்கள் ஜாக்கெட்டில் தப்பு இருக்கிறது அண்ணி. நெஞ்சுக்கு நேரே வலது பக்கத்தில் மட்டும் அரை வரிசைகள் போட்டிருக்கிறீர்கள். பாதி தூரம் பின்னித் திரும்பினால் அந்த இடத்தில் துணி குழிந்து மார்புக்கு இடம் கொடுக்கும், சரி. இடது பக்கத்தில் அதைப் போடவே மறந்துவிட்டீர்கள். போதாக்குறைக்கு அங்கே மூன்று தடித்த சடை வேறு. என் மாணவிகள் எல்லோருக்கும் இடது பக்கம் இறுக்கிப் பிடித்து, பொத்தான் வரிசை கோணிக்கொண்டு போகிறது. எனக்கும்தான். பொம்மைக்கு முதுகில் கிளிப் போட்டு இழுத்து வைத்திருக்கிறோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்கள் தப்பைத் தப்பு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ‘சடையை இறுக்கிப் பின்னுகிறீர்கள், உங்கள் கைதான் சரியில்லை’ என்று அவர்களைப் பிரிக்க வைத்தேன். திருடியாக இருந்தால் திருத்தி என் பேரில் ஓட்டியிருக்க மாட்டேனா? நீங்கள் போட்டதில் கை வைக்க மனம் வரவில்லை.

எடுக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர், வீட்டில் வாலு, மாமியார் வீட்டில் சின்ன மருமகள். என் பெயரை ஒரு அட்டையில் எழுதி வைத்தது இதுதான் முதல் தடவை. அதைப் பார்த்துத்தான் புதிதாகப் பெண்கள் வந்து சேர்கிறார்கள். அதையும் உங்களுக்காகக் கிழித்துப் போட வேண்டுமா? காரணம் சொல்லுங்கள், யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

*

டிசம்பர் 2

வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் அலைந்தேன். கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். உன் மேல் கோபப்பட முடியவில்லை. எழுதியதெல்லாம் நடந்ததுதான்.

நான் மறக்கவில்லை. இடது பக்கத்தில் அரை வரிசை போடாததற்குக் காரணம், அங்கே இடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குப் பித்தப்பையில் கல் என்று எல்லோருக்கும் சொன்னோமே, அது கல் இல்லை. இடது மார்பில் கட்டி. மார்பையே எடுத்துவிட்டார்கள். எடுத்தது உன் ஊர்ப் பெரிய மருத்துவமனையில். ‘சின்ன ஆபரேஷன்தான், யாரும் வர வேண்டாம்’ என்று உன் அண்ணன் உனக்குப் போன் செய்தாரே, அப்போது அவர் உன் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி நின்றுகொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு வந்து, என் கட்டில் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லச் சொன்னது நான். அவரைத் திட்டாதே.

அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வருகிறேன். ரயிலிலிருந்து இறங்கி, உன் தெருவைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவேன். வந்தால் எதற்கு வந்தாய் என்று கேட்பாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அதனால் தலையே காட்டாமல் போனேன்.

வெட்கம்தான் வாலு, வேறு ஒன்றும் இல்லை. நோய் வந்ததற்கு என்ன வெட்கம் என்பாய். நானும் என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பதில் வரவில்லை, வெட்கம்தான் வருகிறது. உள்ளே வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுப் பை கொடுத்தார்கள். ஒருநாள் ஆபீசில் கீழே விழுந்த அளவுகோலை எடுக்கக் குனிந்தேன், அது நழுவிக் கழுத்துக்கு ஏறிவிட்டது. எதிரில் இருந்த இன்ஜினியர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷன். ஆனால் அவர் திரும்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடையில் வாங்கிய சட்டை, ஸ்வெட்டர் எல்லாம் இடது பக்கம் காற்றுப் போன பந்து மாதிரி அமுங்கியது. பள்ளமான மனைக்கு வீடு வரைந்து கொடுக்கிறவள் நான், இதை வரைய முடியாதா என்று அப்புறம்தான் தோன்றியது. சில கண்ணிகளைத் துணை ஊசியில் ஒதுக்கிவைத்து மற்றதைத் தாண்டிப் பின்னும்போது துணி தடித்து மேலே எழும்புகிறது இல்லையா? தடித்த சடையாக மூன்றை நெருக்கிப் போட்டால், அடியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அது தானே நிற்கும். எத்தனை தடவை பிரித்தேன் என்று எனக்கும் ஊசிக்கும்தான் தெரியும்.

அதைத்தான் நீ கட்டிலில் விரித்து எண்ணினாய். உனக்குத் தெரியாது, உன் மேல் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது என்னையே உரித்து மாட்டி வைத்த மாதிரி இருந்தது.

காரணம் கேட்டாய், சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே. உன் வீட்டுக்காரரிடமும்.

அண்ணி

*

டிசம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

‘ஊரில் இல்லாத உசத்தியா’ என்று எழுதினேனே. உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்று படித்தேன். அந்த வரி ஞாபகம் வந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்து, வீட்டுக்காரர் ஓடி வந்தார். பால் பொங்கினதுக்கு இப்படியா அழுவாங்க என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரிடம் சொல்லவில்லை.

அது மட்டும் இல்லை. கைப்பையைக் குறுக்கே வைத்துக்கொள்கிறீர்கள் என்று உங்களிடம் இப்போதுதான் சொன்னேன். மற்றவர்களிடம் எப்போதோ சொல்லிவிட்டேன். அண்ணிக்கு மண்டைக்கனம், நம்மைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறார் என்று, நீங்கள் தோளைத் திருப்புகிற மாதிரியே நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் நன்றாகத்தான் நடித்தேன். இதை நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் நீங்கள் அவ்வளவு சொன்ன பிறகு நான் இதை வயிற்றில் வைத்துக்கொள்ளக் கூடாது.

சனிக்கிழமை காலையில் சீக்கிரமே கடைக்குப் போய்ப் பொம்மையிடமிருந்து ஜாக்கெட்டைக் கழற்றினேன், அட்டையைக் கிழித்தேன். முதலாளியம்மா என்ன ஆச்சு என்றார். என்னுடையது இல்லை, எங்கள் அண்ணி வரைந்தது, கேட்காமல் எடுத்தேன் என்றேன். அவர் கிழித்த துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் வகுப்பு. கடைக்குப் பின்னால் நூல் மூட்டைகளுக்கு நடுவே பெஞ்சு போட்டுத்தான் உட்காருவோம். நின்றபடியே சொன்னேன். “இது என் டிசைன் இல்லை. இன்னொருத்தர் தன் அளவுக்குன்னு வரைஞ்சது. அது தெரியாம நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துட்டேன். இடது பக்கம் இறுக்குறதுக்கு உங்க கை காரணம் இல்லை. நான்தான் காரணம்.” உங்களைப் பற்றி இதற்கு மேல் ஒரு எழுத்தும் சொல்லவில்லை.

பேருந்து ஓட்டுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், பெரிய கை, முரட்டுக் கை. நான் அதிகமாகப் பிரிக்க வைத்தது அவளைத்தான். அவள் மெதுவாகச் சொன்னாள்: “மூணு தடவை பிரிச்சேன் டீச்சர். எனக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் வராதுன்னு வீட்ல சொல்லிட்டேன்.” ஊசிகளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பின்னாலேயே வாசல் வரை போனேன். அவள் இனி வரமாட்டாள் என்று நினைக்கிறேன்.

மற்றவர்களுக்கு இடது பக்கத்தைப் பிரித்து அரை வரிசை சேர்க்கச் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் பிரித்தார்கள். ஒருவர் மட்டும் பிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார், என்னைவிடப் பெரியவர். அவருடையது கரும்பச்சை. போட்டுக்கொண்டே வந்திருந்தார், போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். “இதைப் பிரிக்கச் சொல்லாதீங்க டீச்சர். எனக்கு மட்டும் சரியாத்தான் இருக்கு. ஏன்னு கேக்காதீங்க.”

அவர் இறுக்குகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கழுத்துப் பொத்தான் தளர்ந்திருந்தது, அதை மட்டும் இறுக்கித் தைத்துக் கொடுத்தேன். தைக்கும்போது விரலில் குத்திக்கொண்டேன்.

என் ஜாக்கெட்டை வீட்டில் பிரித்துவிட்டேன். மன்னியுங்கள் என்று எழுதினால் எழுதியதோடு முடிந்துவிடும் போல இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

வாலு

*

டிசம்பர் 19

அன்புள்ள வாலு,

நடித்துக் காட்டினாயா? நேரில் பார்த்திருந்தால் நானே சிரித்திருப்பேன். சின்ன வயதிலிருந்தே நீ நன்றாக நடிப்பாய் என்று உன் அண்ணன் சொல்வார். கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பையைக் குறுக்கே வைத்தவளைப் பார்த்து மண்டைக்கனம் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? நான் சொல்லாததை நீ எப்படித் தெரிந்துகொள்வாய்? அந்தப் பாதி என் கணக்கில் இருக்கட்டும்.

நீ விரலில் குத்திக்கொண்டாயே, அந்தக் கரும்பச்சையைப் பற்றி எழுத வேண்டும். முதல் கடிதத்தில் அதைப் பார்த்தேன் என்று எழுதினேன், எங்கே என்று எழுதவில்லை. மருத்துவமனையில், பரிசோதனைக்குக் காத்திருக்கிற கூடத்தில். அங்கே எல்லோரும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்போம். பையையோ, மருத்துவ ஃபைலையோ, மடித்த சால்வையையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல். என் ஜாக்கெட்டைப் போட்டிருந்தும் நானும் அப்படித்தான். பையை இறக்கிவைத்து எனக்குப் பழக்கம் இல்லை.

கரும்பச்சை போட்டிருந்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நடந்தார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தார் வாலு. பை பின்னால் தோளில் ஆடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் சடை மூன்றும் நான் தாளில் வரைந்த மாதிரியே எடுப்பாக நின்றது. அந்தக் கூடத்தில் யாரும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாதபடி வரைந்து பின்னிவிட்டு, அதற்கு மேலேயும் ஒரு பையை வைத்து மறைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். அதை எதேச்சையாக மாட்டிக்கொண்டவர் கையை வீசிக்கொண்டு போகிறார். என்னை நினைத்து எனக்கே அவமானமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்ப முடியவில்லை. அவர் வெளியே வரும்வரை இருந்து, யாரிடம் செய்தது என்று கேட்டேன். உன் கடைக்கு வந்தேன். அட்டையில் உன் பெயரைப் பார்த்ததும் அப்பாடா என்று இருந்தது. கோபப்பட ஒரு ஆள் கிடைத்துவிட்டாள் அல்லவா.

உன்னைத் திருடி என்று எழுதாமல் எழுதினேன். நீ திருடவில்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் நீ எடுக்காமல் இருந்திருந்தால் அது என் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டே இருந்திருக்கும், அவர் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதை எந்தப் பக்கம் வைத்துக் கணக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பேருந்து ஓட்டுகிற பெண் வீட்டை விசாரித்து, போய்ப் பார். அவள் கதவைத் திறக்காவிட்டாலும் போ.

அண்ணி

*

டிசம்பர் 28

அன்புள்ள அண்ணிக்கு,

போனேன். திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிறுத்தியே பேசினாள். “என் கைக்கு ஒண்ணும் இல்லைன்னு எங்க வீட்ல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க” என்றாள். அவள் வீட்டுக்காரரையும் மகளையும் கூப்பிட்டு நிறுத்தினாள். சொன்னேன். தப்பு என்னுது, அவங்க கை நல்ல கை என்று, பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நின்று சொன்னேன். அந்த மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது இரண்டும் கொதித்தது. வகுப்புக்கு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம். நேற்று அந்த மூக்குக்கண்ணாடிக் கடை அம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டார். மருத்துவமனையில் அவருக்குத் தெரிந்த பெண் ஒருத்தியாம், இன்னும் வயது குறைவு. அவளுக்கு வலது பக்கம். “வலது பக்கத்துக்கு ஒண்ணு வரைஞ்சு தருவாங்களா, இதை வரைஞ்சவங்க?” என்று கேட்டார். நீங்கள் யார் என்றோ, உங்களுக்கு என்ன என்றோ அவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை அண்ணி, சத்தியமாக. ஜாக்கெட்டைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணி எண்ணியும் எனக்குத் தெரியவில்லை.

நான் முயன்று பார்த்தேன். பக்கத்தை மாற்றினால் போதும் என்று நினைத்தேன், ஒவ்வொரு சடையும் எதிர்ப்பக்கம் தாண்ட வேண்டியிருக்கிறது. பாதியில் குழம்பிவிட்டது. இனி உங்களைக் கேட்காமல் ஒரு கண்ணி தொடமாட்டேன். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள், அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். வரைவதாக இருந்தால் அதில் யார் பெயரும் வேண்டாம். உங்கள் பெயரும் வேண்டாம், என் பெயர் சுத்தமாக வேண்டாம்.

அடுத்த பரிசோதனை மே மாதத்தில் இருக்கும் என்று நானே எண்ணிப் பார்த்துக்கொண்டேன். ரயிலடிக்கு வரமாட்டேன், கட்டிப்பிடிக்க மாட்டேன். சுற்றிக்கொண்டு போகாமல் எங்கள் தெரு வழியாக மட்டும் வாருங்கள். பின்னறையை ஒழித்துச் சுத்தம் செய்துவிட்டேன். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது, யார் வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு வருவோம். நேற்று தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னேன். உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. போட்டுக்கொள்வதும் போடாததும் உங்கள் இஷ்டம் அண்ணி. சத்தம் வராதபடி எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

வாலு